கொப்பேய்க்கா: வேற்காசா, சதமா?

வணக்கம். ரஷ்யக் கதை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ரூபிளில் நூற்றில் ஒரு பங்கான 'கொப்பேய்க்கா' என்ற காசுக்குத் தமிழில் என்ன போடலாம்? ரஷ்யனில் 'கொப்யோ' என்றால் ஈட்டி. அதிலிருந்து வந்த பெயர் என்பதால் 'வேற்காசு' என முன்மொழிகிறேன். 'சதம்' பொருந்துமா?

---

ஐயா, சொல்லின் வேர் நீங்கள் சொன்னதுதான். 1535இல் ரஷ்யாவில் யெலேனா கிளின்ஸ்கயா ஆட்சியின் நாணயச் சீர்திருத்தத்தில் வந்த வெள்ளிக்காசில் குதிரைவீரன் ஈட்டி பிடித்திருப்பான். அதில் பாதி மதிப்புள்ள காசில் வாள். நாணயவியல் கட்டுரையில் 'வேற்காசு' அழகாக உட்காரும். கதைக்கு வேண்டாம். சோவியத் காசுகளில் ஈட்டி இல்லை, அரசுச் சின்னம்தான். 'ரூபிள்' வெட்டுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல்; அதை நாம் 'வெட்டு' என்று எழுதுவதில்லையே. 'சதம்' கணக்குக்குச் சரி, ஆனால் படிப்பவர் மனதில் இலங்கைக் காசு வந்து நிற்கும்.

என் பரிந்துரை 'கொப்பேய்க்கா'. ஆங்கிலம் வழி வந்த 'கோபெக்'கில் இரு கோளாறு. உயிர்களுக்கு இடையே ஒற்றைப் பகரம் தமிழில் மெலிந்து ஒலிக்கும், ரஷ்யனில் அது வல்லொலி. ஆகவே 'ப்ப' தேவை. அடுத்தது வேற்றுமை: 'கோபெக்குக்கு' நாக்கில் இடறும். 'கொப்பேய்க்காவுக்கு', 'கொப்பேய்க்காவில்' எல்லாம் பைசாவைப் போலவே ஓடும். முதல் உயிர் பேச்சில் அகரமாகத்தான் கேட்கும். எழுத்தைப் பின்பற்றி ஒகரம் வைத்தேன்.

எண்ணுக்குப் பின் 'கள்' சேர்க்காதீர்கள்: 'ஐந்து கொப்பேய்க்கா' போதும். மூலத்தில் இரண்டு முதல் நான்கு வரை 'கொப்பேய்க்கி', ஐந்து முதல் இருபது வரை 'கொப்பேயிக்' என்று வடிவம் மாறும். அவை வேறு காசுகள் அல்ல.

உண்மையில் ஏமாற்றுபவை பழைய பெயர்கள்தாம். 'தெங்கா' அரைக் கொப்பேய்க்கா, 'பொலூஷ்கா' கால். 'அல்தீன்' மூன்று கொப்பேய்க்கா; அது ஆறு தெங்கா என்பதால் தாத்தார் மொழியில் ஆறைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். எனவே 'பியத்தி-அல்தீன்னி' (ஐந்து அல்தீன்) பதினைந்து, ஐந்து அல்ல! 'கிரீவென்னிக்' பத்து, 'பல்தீன்னிக்' ஐம்பது. இவற்றை எண்ணாக மாற்றிவிடுங்கள். பாத்திரம் பேரம் பேசும் இடத்தில் மட்டும் பெயரை வைத்து அடிக்குறிப்பு போடலாம்.

---

நன்றி ஐயா, ஏற்கிறேன். 'கையில் ஒரு கொப்பேய்க்காகூட இல்லை' என்ற வழக்குக்கு?

---

அங்கே 'கையில் சல்லிக்காசு இல்லை' என்றே எழுதுங்கள். அது தொகை அல்ல, வறுமை. ஆனால் 1961 முதல் 1990 வரை நடக்கும் கதையில் மாஸ்கோ மெட்ரோவுக்கு ஐந்து கொப்பேய்க்கா கொடுத்தான் என்றால் எண்ணையும் பெயரையும் அப்படியே விடுங்கள். அப்போது அதுதான் கட்டணம்.