பள்ளிக்கூடச் சண்டை கோர்ட் வரை போகணுமா? நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

கணக்கு டீச்சர், அட்லாண்டா:

நானே ஆரம்பித்து வைக்கிறேன். 2002-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கு வேலைக்கு வந்த முதல் வருடம். சாப்பாட்டு வரிசையில் ஏழாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேருக்குள் தள்ளுமுள்ளு. நம் ஊரில் ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நிற்க வைத்திருப்பார்கள். அங்கே பள்ளியிலேயே இருந்த போலீஸ்காரர் கைவிலங்கை எடுத்தார். சின்னவனுக்கு மணிக்கட்டு அவ்வளவு மெலிசு. பின்னால் பூட்டிய விலங்கு நழுவிவிடாமல் இருக்க, அவனே விரல்களை விரித்து வைத்துக்கொண்டு நடந்தான். அது இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அதே ஜார்ஜியாவில் கிளேட்டன் கவுண்டியில் சிறார் நீதிபதி ஸ்டீவன் டெஸ்கி இருந்தார். 90-களின் நடுவில் பள்ளிகளுக்குள் போலீஸ் வந்த பிறகு, அவர் கோர்ட்டுக்கு வரும் வழக்குகள் மளமளவென ஏறின. பெரும்பாலும் இப்படிப்பட்ட சில்லறைத் தகராறுதான். நம்மைக் கோபப்படுத்தும் பிள்ளை வேறு, பயப்படுத்தும் பிள்ளை வேறு என்பது அவர் கட்சி. பள்ளி நிர்வாகத்தையும் போலீஸையும் உட்கார வைத்துப் பேசி 2004-ல் ஒப்பந்தம் போட்டார். கைகலப்பு, வகுப்பில் ரகளை மாதிரி விஷயங்களுக்கு முதல் தடவை எச்சரிக்கைக் கடிதம். இரண்டாவது தடவை சமரசப் பேச்சு அல்லது பயிற்சி வகுப்பு. மூன்றாவதுக்குத்தான் கோர்ட். பள்ளிகளிலிருந்து போன வழக்குகள் பாதிக்கும் மேல் குறைந்தன. படிப்பை முடித்து வெளியே வரும் பிள்ளைகளும் கூடினார்கள்.

பிற்பாடு அப்படி ஒரு சமரசப் பேச்சில் நானும் உட்கார்ந்தேன். இரண்டு பெண்கள். ஒருத்தி இழுத்த இழுப்பில் மற்றவளின் பின்னல் ஒன்று கையோடு வந்துவிட்டது. "எங்கம்மா ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்ந்து போட்டது" என்றாள் இவள். அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த இழுத்தவள் திரும்பி, "ஆறு மணி நேரமா?" என்றாள். அப்புறம்தான் பேச்சே தொடங்கியது. அவள் அத்தைக்குப் பின்னல் போடத் தெரியுமாம். அடுத்த ஞாயிறு போட்டுத் தருவதாக எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பு சார், விருதுநகர்:

விலங்கைப் பற்றிப் படித்ததும் மனசு கனத்துவிட்டது டீச்சர். இங்கே பிள்ளைகளுக்கு விலங்கு மாட்டவே கூடாது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளில் இருக்கிறது. கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோ தவிர எஃப்ஐஆர் போடக் கூடாது. ஸ்டேஷன் நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் வீட்டுச் சூழலை விசாரித்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இது வாத்தியார்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது என்பதுதான் என் ஆதங்கம்.

என் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு டீச்சரின் கைப்பையிலிருந்து செல்போனை எடுத்துவிட்டான். "போலீஸுக்குப் போனால்தான் புத்தி வரும்" என்று எல்லோரும் ஒரே பிடி. விதியைப் பிரிண்ட் எடுத்துக் காட்டிய பிறகுதான் சரி என்றார்கள். டீச்சர், பையன், அவன் அம்மா, நான், நான்கு பேர் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் டீச்சர்தான் பேசினார்: "போனை விடுடா. அன்னைக்கு முழுக்க நான் ஒவ்வொரு பிள்ளையையும் திருடனா பார்த்தேன்." பையன் அழுதுவிட்டான். போன் திரும்பி வந்தது. ஆனால் அதற்கப்புறமும் அவர் அவனிடம் சரியாகப் பேசியதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பத்தாவது முடித்து டிசி வாங்க வந்தவன், அவர் மேஜையில் ஒரு பொட்டலம் கடலையை வைத்துவிட்டுப் போனான்.

கணக்கு டீச்சர்:

எடுத்துக்கொண்டாரா சார்?

ஒன்பதாம் வகுப்பு சார்:

டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போனதைப் பார்த்தேன்.