ஹால்ஸ்டாட் போயிட்டு வந்தேன், போட்டோல இருந்த ஊரு எங்க போச்சு?

சுத்துறவன்:
வணக்கம் மக்களே. போன செப்டம்பர்ல ஆஸ்திரியா போயிருந்தோம், சால்ஸ்பர்க்ல மூணு நாள், அதுல ஒரு நாள் ஹால்ஸ்டாட், சொல்லப்போனா அந்த ஒரு நாளுக்காகத்தான் மொத்த ட்ரிப்பே. ரெண்டு வருஷமா என் போன்ல வால்பேப்பரே அந்த ஊருதான், ஏரிக்கரையில ஊசி மாதிரி சர்ச் கோபுரம், பின்னாடி செங்குத்தா மலை, தண்ணில எல்லாம் தலைகீழா.

டூர் பஸ்ல பதினொன்றரைக்கு எறக்கிவிட்டாங்க, ரெண்டு மணிக்கு வண்டி கெளம்பிடும்னு வேற மிரட்டல். எறங்குனா தலை தலையாத் தெரியுது. இருக்கிறதே ஒத்தத் தெரு, அதுல இடிபட்டு மிதிபட்டு அந்த போட்டோ எடுக்கிற எடத்துக்குப் போனா அங்க க்யூ, நம்ம முறை வந்து மூணு க்ளிக் அடிக்கிறதுக்குள்ள பின்னாடி இருக்கிறவர் தொண்டையைச் செருமுறாரு. வழியில ஒரு பாட்டி கைல சாவியோட நின்னுட்டிருந்தாங்க, என்னடான்னு பாத்தா அவங்க வீட்டு வாசப்படில ரெண்டு பேர் உக்காந்து போஸ் குடுத்துட்டிருக்காங்க. அந்தம்மா கோவப்படக்கூட இல்ல, பழகிப்போன மாதிரி சும்மா நின்னாங்க. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா பத்து நிமிஷம் முன்னாடி நானும் இன்னொரு வீட்டுப் படில உக்காந்துதான் ஷூ லேஸ் கட்டுனேன்.

மொத்தத்துல சினிமாவுக்கு செட்டு போட்ட எடம் மாதிரிதான் இருந்துச்சு. வர்ற மே மாசம் அம்மாவைக் கூட்டிட்டு வியன்னா போறேன். இந்த ஊருக்கு இன்னொரு தடவ நாள் ஒதுக்கலாமா, இல்ல இவ்ளோதானா?

ரயில்பைத்தியம்:
ப்ரோ நீங்க ஊருக்குள்ள கொல்லைப்புறமா நுழைஞ்சிருக்கீங்க, அதான் விஷயம். ரயில்ல போங்க. அட்நாங்-புக்ஹைம்ல மாறி ஏறணும், அங்கிருந்து மலையும் ஏரியுமா வழி நல்லா இருக்கும். ஹால்ஸ்டாட் ஸ்டேஷன் ஊர்ல கெடையாது, ஏரிக்கு எதிர்க்கரையில காட்டோரமா சின்னதா ஒரு ஸ்டேஷன், எறங்குனா நேரா சரிவுல எறங்கி படகுத்துறை. ரயிலைப் பாத்துதான் படகு வரும். ஊர் மொதல்ல எதிர்க்கரையில தீப்பெட்டி அடுக்கின மாதிரி தெரியும், அப்புறம் கிட்ட வர வர ஒவ்வொரு ஜன்னலா பிரிஞ்சு தெரியும், பத்து நிமிஷந்தான் ஆனா அந்தப் பத்து நிமிஷத்துக்கே டிக்கெட் காசு தகும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, சாயங்கால ரயிலோட படகும் முடிஞ்சிடும், ராத்திரி லேட்டா வந்து எறங்குனா எதிர்க்கரையில நின்னு வெளக்கு வெளிச்சத்தைப் பாத்துட்டே இருக்க வேண்டியதுதான். நான் நின்னுருக்கேன், அதைப் பத்தி இப்ப வேண்டாம்.

உள்ளதைச்சொல்வேன்:
நான் போக வேண்டாம்னுதான் சொல்வேன். எண்ணூறு பேர் கூட இல்லாத ஊரு, சீசன்ல ஒரே நாள்ல பத்தாயிரம் பேர் வர்றாங்க. 2020ல இருந்து டூர் பஸ் எல்லாம் முன்கூட்டியே நேரம் புக் பண்ணிட்டுத்தான் வரணும்னு வச்சாங்க, அப்பவும் அடங்கல. 2023 மே மாசம் அந்த செல்ஃபி எடத்துல ஏரியே தெரியாத மாதிரி மரத்தட்டி வச்சு மறைச்சாங்க, எதிர்ப்பு வந்ததும் சில நாள்லயே எடுத்துட்டாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல ஊர்க்காரங்களே சுரங்கப்பாதை ரோட்டை மறிச்சுப் போராட்டம் பண்ணுனாங்க.

அப்புறம் செட்டு மாதிரின்னு சொன்னீங்கல்ல, நெஜமாவே செட்டு இருக்கு, சீனாவுல குவாங்டாங்ல இந்த ஊரை அப்படியே காப்பியடிச்சு ஒண்ணு கட்டி 2012ல தெறந்துட்டாங்க. ஏரிதான் வேணும்னா பக்கத்துலயே கோசாவ் ஏரி இருக்கு, பனி மலை அப்படியே தண்ணில தெரியும், அங்க போங்க, பாட்டியாவது நிம்மதியா வீட்டுக்குள்ள போகட்டும்.

சாவகாசம்:
மேல சொன்னது எல்லாம் உண்மைதான், ஆனா ஊர்ல ஒண்ணும் இல்லன்னு விட்ற முடியாது. நான் ரெண்டு ராத்திரி தங்குனேன். அஞ்சு மணிக்கு மேல பஸ்ஸெல்லாம் போனதும் ஏதோ கதவைச் சாத்துன மாதிரி அமைதி, வாத்து தண்ணியில எறங்குற சத்தம் கூடக் கேக்கும். காலைல ஏழு மணிக்கு எந்திரிச்சு நடந்தா தெருவுல நாமளும் பால்கனில துணி காயப்போடுறவங்களும்தான்.

எனக்கு அந்த ஊர்ல பிடிச்சதே ஒரே ஒரு விஷயம், அங்க எடமே கெடையாது. முன்னாடி ஏரி, பின்னாடி மலை, நடுவுல ஒரு நாடா அளவு நெலம். மரம் வைக்கக்கூட எடமில்லாம பேரிக்காய் மரத்தை வீட்டுச் சுவரோட ஒட்டி, கிளையை ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டி, தட்டையா வளக்குறாங்க, கோலம் போட்ட மாதிரி ஏறிப் போகும். செத்தவங்களுக்கும் எடமில்ல. கத்தோலிக்க சர்ச் கல்லறைத் தோட்டம் ரொம்பச் சின்னது, அதனால முன்னாடியெல்லாம் சில வருஷம் கழிச்சு குழியைத் தோண்டி எலும்பை எடுத்து, மண்டையோட்டை வெயில்ல வெளுக்கவச்சு, பேரெழுதி பூவோ எலையோ வரைஞ்சு ஒரு சின்ன அறையில அடுக்கிடுவாங்க. மொத்தம் 1200 மண்டையோடு, அதுல பாதிக்கு மேல வரைஞ்சது. கடைசியா வச்சது 1995ல, தங்கப்பல்லு ஒண்ணு இன்னும் மின்னுது. பயமா இருக்கும்னு நெனச்சு போனேன், அங்க போய் நின்னா சொந்தக்காரங்க வீட்டு அலமாரி மாதிரிதான் இருந்துச்சு.

இவ்ளோ நெருக்கடியில மனுஷன் ஏன் குடியிருந்தான்னு கேட்டா, உப்பு. மேல மலைக்குள்ள ஏழாயிரம் வருஷமா உப்பு எடுக்கிறாங்க. உள்ள ஒரு மரப்படிக்கட்டு கெடைச்சது, மரத்தோட வளையத்தை எண்ணிப் பாத்து கி.மு. 1344னு சொல்றாங்க, உப்பு இருந்ததால மக்கவே இல்ல. 1846ல சுரங்க அதிகாரி ஒருத்தர் தோண்ட ஆரம்பிச்சு ஆயிரம் பழங்காலக் கல்லறைக்குக் கிட்ட எடுத்தாரு, அதனாலதான் ஐரோப்பாவோட இரும்புக்காலத்துல ஒரு கட்டத்துக்கே ஹால்ஸ்டாட்னு பேரு. இத்தனைக்கும் ஊருக்கு ரோடு வந்ததே 1890லதான், அதுவரைக்கும் படகு, இல்லாட்டி மலைப்பாதை. ரயில்பைத்தியம் சொன்ன மாதிரி தண்ணி வழியா போறதுதான் அந்த ஊருக்கு நியாயமான வாசல்.

சுத்துறவன்:
சாவகாசம், ரொம்ப நன்றி. அம்மாவுக்கு முட்டி வலி இருக்கு, படி ஏற முடியாது, சமாளிக்கலாமா?

சாவகாசம்:
ஏரிக்கரை, சந்தைச் சதுக்கம் எல்லாம் ஓரளவுக்கு சமதளம்தான், மெதுவா நடக்கலாம். மண்டையோட்டு அறைக்கு படி ஏறணும். சுரங்கத்துக்குள்ள நெறைய நடை, படி, மரச்சறுக்கு எல்லாம் இருக்கு, வருஷம் பூரா 8 டிகிரிதான், அதனால அம்மாவுக்கு அது வேண்டாம். கரையில ஒரு பெஞ்சுல உக்கார வச்சுட்டு நீங்க மேல போயிட்டு வாங்க. காலைலயே போங்க, சூரியன் எதிர்க்கரையில இருந்து வீடுங்க மூஞ்சில அடிக்கும், சாயங்காலம் மலை சீக்கிரமே மறைச்சிடும்.

சுத்துறவன்:
ராத்திரி தங்குற மாதிரியே புக் பண்ணிட்டேன். உள்ளதைச்சொல்வேன், வாசப்படில யாரும் உக்கார மாட்டோம், நம்புங்க.

சாவகாசம், நீங்க பேரிக்காய் மரம்னு சொன்னதும் பழைய போட்டோவை எல்லாம் தோண்டி எடுத்துப் பாத்தேன். சதுக்கத்துல எடுத்த ஒண்ணுல என் தலைக்குப் பின்னாடியே இருக்கு, அன்னைக்கு சுவத்துல ஏதோ ஓவியம்னு நெனச்சு திரும்பிக்கூட பாக்கல. அம்மாகிட்ட காமிச்சேன். போனை வாங்கி பெருசாக்கி பெருசாக்கிப் பாத்துட்டு, "காய் இருக்குடா அதுல"ன்னாங்க.