ஸ்டெர்ன்-டு மூரிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம் நண்பர்களே. குரோஷியாவின் டல்மேஷியக் கரையில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து ஒரு வாரம் சுற்ற நினைப்பவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை ஸ்பிளிட்டில் படகை வாங்கி, ஷோல்டா, விஸ், ஹ்வார் என்று தீவு தீவாகப் போய், அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுப்பது வரை ஓடிவிட்டது. ஸ்டெர்ன்-டு மூரிங் வந்ததும் நின்றுவிட்டேன். படகைப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தாமல், கரைச்சுவருக்குக் கொஞ்சம் தள்ளி நங்கூரத்தைப் போட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே ரிவர்ஸில் வந்து, பின்பக்கத்து இரண்டு மூலைகளிலிருந்தும் கயிறு கொடுத்துக் கட்டுவது. ஒரு படகு பக்கவாட்டில் அடைக்கும் இடத்தில் இப்படி மூன்று நிற்கும். பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் வருகிறது, ஒவ்வொரு தடவையும் இவ்வளவையும் எழுத முடியாது. 'பின்கட்டு' என்று போடலாமா?

சொல்லாய்வன்:

தம்பி, பின்கட்டு என்றால் அடுப்படியும் கிணற்றடியும்தான் ஞாபகம் வரும். நம்மிடம் இல்லாத சொல்லா? பட்டினப்பாலையைப் புரட்டுங்கள். உப்பை விற்று நெல்லோடு வந்த படகுகளை, கொட்டிலில் குதிரைகளைக் கட்டியதுபோல வரிசையாகக் கட்டியிருந்தார்களாம், 'பணைநிலைப் புரவியின் அணைமுதற் பிணிக்கும்' என்கிறார் புலவர். உங்கள் ஸ்பிளிட் துறையும் அப்படித்தானே இருக்கும்? அணியம் படகின் முன்பக்கம், பின்னணியம் பின்பக்கம். ஆகவே 'பின்னணியப் பிணிப்பு'. அப்புறம், தயவுசெய்து மத்தியதரைக் கடல் என்று எழுதாதீர்கள். மத்திய என்பதும் தரை என்பதும் வடமொழி. நடுநிலக் கடல் என்றாலே லத்தீன் பெயரின் பொருள் வந்துவிடும். நங்கூரத்துக்கு மட்டும் கவலையில்லை, நல் + கூர், கூர்மையான கொக்கி. கிரேக்கரின் 'ஆங்கிரா' இங்கிருந்து போனதுதான் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன்.

கடலோடி:

ஐயா, நங்கூரம் பாரசீக 'லங்கர்' என்று தமிழ் லெக்சிகன் அகராதியே சொல்கிறது. சுக்கான் அரபு. இரண்டையும் கழற்றிவிட்டால் படகு எங்கேயும் போகாது.

அந்தக் கரையில் இரண்டு சீசன் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். மத்தியதரைக் கடலின் அட்லாண்டிக் வாசலான ஜிப்ரால்டர் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் சுமார் 14 கிலோமீட்டர்தான். அட்லாண்டிக்கின் ஓதம், அதாவது கடல்மட்ட ஏற்ற இறக்கம், அந்த வாசலைத் தாண்டி அதிகம் உள்ளே வருவதில்லை. பெரும்பாலான இடங்களில் நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்காததால்தான் படகின் பின்பக்கத்துக்கும் கரைக்கும் ஒரு பலகையைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிகிறது. இங்கிலாந்துப் பக்கம் ஓதம் பெரிதாக இருக்கும் துறைகளில் பலகை செங்குத்தாகிவிடும். இன்னொரு விஷயம், குரோஷிய மரீனாக்களில், அதாவது படகுத்துறைகளில், சொந்த நங்கூரத்தைப் போடவே மாட்டார்கள். கடலடியில் கட்டிய லேசி லைன் கரையோரம் தொங்கும், அதைக் கொக்கியால் எடுத்து முன்பக்கம் கொண்டுபோய் இழுத்துக் கட்ட வேண்டும். அதனால் சொல்லுக்குள் நங்கூரத்தை நுழைக்காதீர்கள். முன்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்துக் கட்டுவதும் உண்டு, அதற்கும் ஜோடியாக ஒரு சொல் வேண்டும்.

டீச்சரக்கா:

பின்னணியம் என்றால் என் பிள்ளைகள் பின்னணி இசை என்பார்கள், பிணிப்பு என்றால் வியாதி, பிணை என்றால் ஜாமீன். அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது, படகு ரிவர்ஸில் போகும்போது கையேட்டைத் திறப்பவருக்கு ஒரே பார்வையில் புரிய வேண்டும். பின்புறக் கட்டு, முன்புறக் கட்டு, பக்கவாட்டுக் கட்டு. மூன்றும் ஒரே குடும்பம், 'பின்புறமாகக் கட்டுங்கள்' என்று வினையாகவும் வரும். போன வாரம் பேர்போட் வாடகைக்கு, அதாவது ஓட்டுபவர் இல்லாமல் படகை மட்டும் எடுப்பதற்கு, சொல் தேடி நாம் பட்ட பாடு போதாதா? வெறுங்கலம் சாப்பாட்டுத் தட்டானது, ஆளில்லாப் படகு ட்ரோன் ஆனது.

சொல்லாய்வன்:

மீகாமன் இல்லாக் கலம் என்று அப்போதே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. போகட்டும். காற்றுகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறது நம் கடற்கரை. அந்தக் கரையில் அடிக்கும் புராக் காற்றை வாடை என்று எழுதினால் என்ன?

கடலோடி:

வாடையில் போர்த்திக்கொண்டு உட்காரலாம் ஐயா, புராவில் முடியாது. வடகிழக்கு மலைச்சரிவிலிருந்து சில நிமிட அவகாசத்தில் இறங்கி அடிக்கும். யூகோ தென்கிழக்கிலிருந்து அலையை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டு வரும். கோடை மதியங்களில் வடமேற்கிலிருந்து வரும் மயெஸ்ட்ரால்தான் விடுமுறைக்காரர்களின் காற்று. வானிலை அறிவிப்பில் இந்தப் பெயர்களைத்தான் கேட்பார்கள். வாடை என்று படித்துவிட்டுப் போனவர் புரா என்று ரேடியோவில் கேட்டால் எதற்கென்று தயாராவார்? பெயரை அப்படியே விடுங்கள். கட்டுக்கு என் ஓட்டு அக்காவுக்கு.

மொழிபெயர்ப்பாளர்:

சரி, 'பின்புறக் கட்டு' என்றே போட்டு அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் மூன்று வரி விளக்கம். காற்றுப் பெயர்கள் அப்படியே. மத்தியதரை என்பதையும் மாற்றவில்லை, வரைபடத்தில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. ஐயா மன்னிக்க வேண்டும்.

சொல்லாய்வன்:

மன்னிப்பெல்லாம் எதற்குத் தம்பி. என் எதிர்ப்பு பதிவில் இருக்கட்டும், கட்டு என்பது விறகுக்கும் உண்டு, புண்ணுக்கும் உண்டு, பிணிப்பு மட்டும்தான் உங்களுக்கு வியாதி. அது கிடக்கட்டும், கடலோடி சொன்ன லேசி லைனுக்கு என்ன போட்டீர்கள்? சோம்பேறிக் கயிறு என்றா?

மொழிபெயர்ப்பாளர்:

ஆமாம் ஐயா.