செகண்ட் ஹேண்ட் பிக்சல் 7, ஏற்கெனவே ரூட் செய்தது: அன்ரூட் செய்தால் அப்டேட் ஏறுமா?

தேனிக்காரன்

வணக்கம். போன மாதம் ஒரு பிக்சல் 7 செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். விற்றவர் "எல்லாம் ஒரிஜினல், கம்பெனி கண்டிஷன்" என்றார். ஆனால் ஆன் செய்யும்போதெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு எச்சரிக்கை வந்துவிட்டுத்தான் கூகுள் லோகோ வருகிறது. ஆப் டிராயரில் 'செட்டிங்ஸ்' இரண்டு இருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் உள்ளே மேஜிஸ்க், அதாவது போனை ரூட் செய்கிற (சிஸ்டத்தில் முழு அதிகாரம் தருகிற) ஆப்.

சிஸ்டம் அப்டேட் டவுன்லோட் ஆகிறது, இன்ஸ்டால் ஆகும்போது 'இன்ஸ்டலேஷன் ப்ராப்ளம்' என்று நின்றுவிடுகிறது. யூடியூபில் சொன்னபடி மேஜிஸ்க்கில் அன்இன்ஸ்டால், ரீஸ்டோர் இமேஜஸ் என்று போனால் 'ஸ்டாக் பேக்கப் டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்கிறது. பேங்க் ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறது, யூபிஐயும் அப்படியே.

எனக்கு ரூட் தேவையே இல்லை. அன்ரூட் செய்தால் அப்டேட்டும் பேங்க் ஆப்பும் சரியாகிவிடுமா? விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. கமாண்ட் எல்லாம் அடித்துப் பழக்கமில்லை.

கடைசி பெஞ்ச்

ஃபேக்டரி ரீசெட் போடுங்க ப்ரோ, எல்லாம் போயிடும்.

டவுன்ஹால்ரோடு சர்வீஸ்

மேலே சொன்னதைச் செய்யாதே தம்பி. ஃபேக்டரி ரீசெட் உன் போட்டோவையும் ஆப்பையும்தான் அழிக்கும். ரூட் அங்கே இல்லை. போட்டோ எல்லாம் போனதுதான் மிச்சமாக இருக்கும், ஆரஞ்சு எச்சரிக்கை அப்படியே வந்து நிற்கும்.

மதுரையில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிற எல்லோருக்கும் ஒரே குழப்பம்: மூன்று விஷயங்களை ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். ரூட் என்பது ஒன்று. பூட்லோடர் அன்லாக், அதாவது ஆன் ஆகும்போது கம்பெனி மென்பொருளை மட்டும் அனுமதிக்கிற பூட்டைத் திறப்பது, வேறு. அப்டேட் ஏறாதது மூன்றாவது. ஒன்றைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் தானாகச் சரியாகாது.

முதலில் அப்டேட். போனுக்குள் தானாக வருகிற அப்டேட் பெரும்பாலும் முழு மென்பொருளாக வராது, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் வரும். பழைய பார்ட்டிஷன் (மென்பொருள் இருக்கும் சேமிப்புப் பகுதி) கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதன்மேல் புதியதைக் கட்டும். மேஜிஸ்க் சிஸ்டம் பார்ட்டிஷனைத் தொடுவதில்லை. ஆனால் போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடுகிற சின்னப் பகுதியை மாற்றிவிடுகிறது. பிக்சல் 6 வரை அது பூட் பார்ட்டிஷன். பிக்சல் 7 முதல், அதாவது ஆண்ட்ராய்டு 13 உடனேயே வெளிவந்த போன்களில், இனிட்_பூட். அங்கே கணக்கு ஒத்துவராததால்தான் உனக்கு அப்டேட் பாதியில் நிற்கிறது.

பேக்கப் இல்லை என்று வருவதற்குக் காரணமும் ஊகிக்கக்கூடியதுதான். பேட்ச் செய்யும்போது, அதாவது அந்தச் சின்னப் பகுதியில் ரூட்டைச் சேர்க்கும்போது, மேஜிஸ்க் மூல இமேஜின் (அந்தப் பகுதியின் ஒரிஜினல் ஃபைலின்) நகலை அதே போனின் டேட்டாவில் வைத்துக்கொள்ளும். விற்றவர் வேறு போனில் பேட்ச் செய்து இதில் ஏற்றியிருப்பார், இல்லை விற்கும் முன் டேட்டாவை அழித்திருப்பார். இரண்டாவது 'செட்டிங்ஸ்' ஐகானும் மேஜிஸ்க்கின் வேலைதான். தன்னை மறைத்துக்கொள்ளச் சொன்னால் அது தானாகப் போட்டுக்கொள்கிற பெயர் அது. ஆக, ஆள் தெரிந்தே மறைத்துதான் விற்றிருக்கிறார். 'கம்பெனி கண்டிஷனாம்'!

இப்போது பேங்க் ஆப். இதுதான் உனக்கு முக்கியம், இங்கேதான் யூடியூப்காரர்கள் கைவிடுவார்கள். அன்ரூட் மட்டும் செய்தால் பேங்க் ஆப் திறக்கும் என்று நம்பாதே. ரூட் அடையாளங்களைத் தேடுகிற ஆப்கள் உண்டு, அதோடு போனை நம்பலாமா என்று சொல்கிற கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சேவையிடம் கேட்கிற ஆப்களும் உண்டு. 2025 மே முதல், ஆண்ட்ராய்டு 13 அல்லது அதற்கு மேலுள்ள போன்களில் அந்தச் சோதனை போனின் ஹார்டுவேர் சாவியை வைத்தே நடக்கிறது. பூட்லோடர் திறந்திருக்கிறது என்று அந்தச் சாவி சொல்லிவிட்டால் ரூட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஆப் உன்னை உள்ளே விடாது. எனவே உனக்கு வேண்டியது அன்ரூட் மட்டுமல்ல, பூட்லோடரை மறுபடி லாக் செய்வது.

ஆனால் கையிலிருக்கும் நிலையில் நேராக லாக் செய்துவிடாதே. பேட்ச் செய்த இனிட்_பூட் உள்ளே இருக்கும்போது லாக் போட்டால், கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து ஒத்துப்போகாமல் போன் ஆன் ஆகவே மறுக்கும். அப்படித்தான் அடிக்கடி ஒருவர் கடைக்கு வந்து நிற்கிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முழுவதையும் கம்பெனி மென்பொருளாக்கிவிட்டு அதற்குப் பிறகுதான் லாக்.

நீ கமாண்ட் அடித்துப் பழகாதவன் என்பதால் கூகுளின் ஆண்ட்ராய்டு ஃப்ளாஷ் டூல் போதும். குரோம் பிரவுசரிலேயே ஓடும். அதற்கு முன் போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப், இரண்டடுக்குப் பாதுகாப்புக் குறியீடு தரும் ஆப்பில் இருப்பவை எல்லாவற்றையும் வெளியே எடுத்து வை. எல்லாமே அழியும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய். லேப்டாப்பில் கூகுள் யூஎஸ்பி டிரைவர் போடு. இது இல்லாமல்தான் பாதிப்பேர் 'போன் தெரியவே இல்லை' என்று உட்கார்ந்திருப்பார்கள். சார்ஜ் நிறைய இருக்கட்டும். சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு கேபிள் உதவாது, டேட்டா போகிற கேபிள் வேண்டும்.

டூலில் பிக்சல் 7 (கூகுள் வைத்த உள்பெயர் 'பேந்தர்'), அதற்கான புதிய பொதுப் பதிப்பைத் தேர்ந்தெடு. போனில் இப்போது இருப்பதைவிடப் பழையதை எடுக்காதே. 2022இல் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது பிக்சல் 6, 6 ப்ரோ, 6ஏ மூன்றிலும் பூட்லோடர் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாதபடி ஆக்கப்பட்டது. அதற்கப்புறம் இந்த வழக்கம் எனக்கு. 'வைப் டிவைஸ்', 'ஃபோர்ஸ் ஃப்ளாஷ் ஆல் பார்ட்டிஷன்ஸ்', 'லாக் பூட்லோடர்' மூன்றிலும் டிக் இருக்கட்டும். நடுவில் போன் தானாகப் பலமுறை ரீஸ்டார்ட் ஆகும், கேபிளைத் தொடாதே. கடைசியில் லாக் செய்யட்டுமா என்று போனே கேட்கும். வால்யூம் பட்டனில் தேர்ந்தெடுத்து பவர் பட்டனை அழுத்து.

லாக் ஆனதும், பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கிற 'ஓஇஎம் அன்லாக்கிங்' சுவிட்சை உடனே ஆஃப் செய்ய ஓடாதே. போன் முழுதாக ஆன் ஆகி, ஆரஞ்சு எச்சரிக்கை போய், ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'டிவைஸ் இஸ் சர்ட்டிஃபைடு' என்று வந்த பிறகு ஆஃப் செய். ஏதாவது கோளாறு என்றால் திரும்ப உள்ளே போக அந்த ஒரு கதவுதான் உண்டு.

டேட்டா அழியாமல் அப்டேட் மட்டும் வேண்டும் என்றால் வேறு வழியும் இருக்கிறது: கூகுள் தளத்திலிருந்து முழு ஓடிஏ (அப்டேட்) ஃபைலை இறக்கி, ரெகவரி என்ற மீட்பு மெனுவில் லேப்டாப் வழியாக ஏற்றலாம் (சைட்லோட்). அது முழு மென்பொருள் என்பதால் பழையது மாறியிருப்பதைப் பொருட்படுத்தாது, ரூட்டும் அதோடு போய்விடும். ஆனால் யார் கையில் இருந்ததோ தெரியாத ரூட் போன் இது. ரூட் இருந்தவனுக்கு உள்ளே எதையும் விட்டுவைக்க முடியும். அதில் யூபிஐ போடுவதென்றால் நான் முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் போடுவேன்.

பழைய நெக்சஸ்

டவுன்ஹால் அண்ணன் சொன்னது சரி. 'அன்ரூட் செய், பிறகு அப்டேட் செய்' என்ற பழைய அறிவுரை எங்கிருந்து வந்தது என்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் தமிழில் தேடினால் இன்னும் அதுதான் முதலில் வருகிறது.

மேஜிஸ்க்குக்கு முன் ரூட்டுக்குப் பயன்பட்ட சூப்பர்எஸ்யூ ஆப்பின் காலத்தில் ரூட் சிஸ்டம் பார்ட்டிஷனுக்குள்ளேயே போய் உட்காரும். ஆண்ட்ராய்டு 4.4 வரை அப்டேட் ஒவ்வொரு ஃபைலாகச் சரிபார்த்ததால், 'ஃபுல் அன்ரூட்' அழுத்தினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். 2014இல் 5.0 வந்ததும் பார்ட்டிஷன் முழுவதையும் ஒரே துண்டாகக் கணக்கிட ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் பார்ட்டிஷனை எழுதும் அனுமதியோடு ஒருமுறை திறந்திருந்தாலே (மவுண்ட்) போதும், எல்லா ஃபைலும் பழையபடி இருந்தாலும் கணக்கு மாறிவிடும். அன்ரூட் செய்தும் அப்டேட் ஏறவில்லை என்று அப்போது புலம்பாதவர் கிடையாது. 2016இல் ஜான் வூ மேஜிஸ்க்கைக் கொண்டுவந்து சிஸ்டத்தைத் தொடாமல் ரூட் செய்யும் வழியைப் பரவலாக்கியது இந்தத் தலைவலிக்கும் சேர்த்துத்தான் மருந்தானது. பழைய காணொலிகளைப் பார்த்து யாரும் சூப்பர்எஸ்யூவைத் தேடி அலைய வேண்டாம்.

சிங்காநல்லூர் அக்கா

என் கேள்வி இதற்கு நேர் எதிர். எனக்கு ரூட் இருக்கட்டும், அப்டேட்டும் வேண்டும். பிக்சல் 7ஏ, நானேதான் ரூட் செய்தேன், பேக்கப் இருக்கிறது. பேங்க் எல்லாம் வேறு போனில். ஒவ்வொரு மாதமும் லேப்டாப்பை எடுக்காமல் முடியுமா?

டவுன்ஹால்ரோடு சர்வீஸ்

முடியும்க்கா. இந்தப் போனில் ஸ்லாட் இரண்டு, அதாவது மென்பொருளின் இரண்டு நகல்களுக்கு இடம் உண்டு. நீங்கள் ஒன்றில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அப்டேட் மற்றதில் ஏறும், ரீஸ்டார்ட் செய்தால் அங்கே மாறிவிடும். சூட்சுமம் எல்லாம் அந்த ரீஸ்டார்ட்டுக்கு முன்னால்தான்.

டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' ஆஃப் இருக்கட்டும், இல்லையென்றால் ராத்திரியில் தானே ஏற்ற முயன்று மாட்டிக்கொள்ளும். அப்டேட் வந்ததும் மேஜிஸ்க்கில் மாட்யூல்களை (கூடுதல் வசதிகளை) எல்லாம் நிறுத்திவிடுங்கள். பிறகு அன்இன்ஸ்டால், 'ரீஸ்டோர் இமேஜஸ்'. ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், அப்போதைக்கு ரூட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்படியே சிஸ்டம் அப்டேட்டுக்குப் போய் ஏற்றுங்கள். முடிந்ததும் போன் 'ரீஸ்டார்ட் நவ்' என்று கெஞ்சும், அதை அழுத்தாமல் மேஜிஸ்க்குக்குத் திரும்பி, இன்ஸ்டால், 'இன்ஸ்டால் டு இன்ஆக்டிவ் ஸ்லாட்'. பிறகு மேஜிஸ்க்கே காட்டுகிற ரீபூட் பட்டனை அழுத்துங்கள். புதிய ஸ்லாட்டில் ரூட்டோடு எழும்.

எழாவிட்டால் சில முறை முயன்றுவிட்டு பழைய ஸ்லாட்டுக்கே திரும்பிவிடும், பயப்பட வேண்டாம். எழுந்தபிறகு உடனே அடுத்த விளையாட்டை ஆரம்பிக்காதீர்கள். புதியதை நிலைப்படுத்தும் வேலை பின்னணியில் கொஞ்ச நேரம் ஓடும், அது முடியட்டும். மாட்யூல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடுங்கள். ஏதாவது ஒன்றால் போன் முழுதாக ஆன் ஆகாமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனால் சேஃப் மோடில் ஆன் செய்தால் மாட்யூல் எல்லாம் அணைந்துவிடும்.

ஆங்கிலேயன்கோட்டை

நான் இந்த இன்ஆக்டிவ் ஸ்லாட் வித்தையை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிய பதிப்பின் ஃபேக்டரி இமேஜை (கம்பெனியின் முழு மென்பொருளை) இறக்கி, இனிட்_பூட்டைப் பிரித்து, போனிலேயே பேட்ச் செய்து, ஃபாஸ்ட்பூட்டில் (லேப்டாப் கமாண்ட் வழியாக) ஏற்றுகிறேன். நேரம் ஆகும், ஆனால் மூல இமேஜ் எப்போதும் கையில் இருக்கும். அவசரத்தில் அதை ஏற்றினால் ரூட் போய் போன் எழும்.

டவுன்ஹால்ரோடு சர்வீஸ்

அதுவும் நல்ல வழிதான். எதைச் செய்தாலும் இப்போது ஓடும் பில்டின் (பதிப்பின்) இனிட்_பூட்டை லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் பில்டு நம்பரோடு பெயரிட்டு வைத்துவிடுங்கள். வேறு பில்டின் இமேஜை ஏற்றிவிட்டு 'வைஃபை போச்சு, ஆன் ஆகலை' என்று வருபவர்கள் இருக்கிறார்கள்.

நெல்லை எஸ்21

அண்ணே, இதே முறை சாம்சங்குக்கும் ஆகுமா?

டவுன்ஹால்ரோடு சர்வீஸ்

ஆகாது. சாம்சங்கில் பூட்லோடர் திறந்து மாற்று மென்பொருள் ஏற்றினால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் எண் 0x1 ஆகிவிடும், உள்ளே ஒரு ஃபியூஸ் எரிந்த மாதிரி. பிறகு எந்த அன்ரூட்டாலும் அது 0 ஆகாது. செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேவும் போனது போனதுதான். ஓடிஏவும் வராது. முழு ஃபர்ம்வேரை இறக்கி, அதிலுள்ள ஏபி என்ற ஃபைலை மேஜிஸ்க்கில் பேட்ச் செய்து, ஓடின் என்ற கம்ப்யூட்டர் டூலில் மற்ற ஃபைல்களோடு சேர்த்து ஏற்ற வேண்டும். அந்த டூலில் சிஎஸ்சி என்ற இடத்தில் 'ஹோம் சிஎஸ்சி' ஃபைலை வை, வெறும் சிஎஸ்சி வைத்தால் டேட்டா அழியும். ரூட் செய்யாத சாம்சங் என்றால், சும்மா இருக்கிற போனைச் சும்மா விடு என்பேன். விளம்பரம் தடுக்க ப்ரைவேட் டிஎன்எஸ் என்ற நெட்வொர்க் செட்டிங் ஆண்ட்ராய்டு 9இலிருந்தே இருக்கிறது. அதற்காக ரூட் செய்பவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

தேனிக்காரன்

அண்ணா, முடிந்தது. முதலில் டூலில் போன் தெரியவில்லை. டிரைவர் போட்டு, பக்கத்து வீட்டு அண்ணனின் கேபிளை வாங்கி மாட்டியதும் தெரிந்தது. லாக் ஆகி ஆரஞ்சு எச்சரிக்கை போய்விட்டது, ப்ளே ஸ்டோரில் சர்ட்டிஃபைடு என்று வருகிறது. பேங்க் ஆப் திறந்தது. யூபிஐ சிம்மைச் சரிபார்த்து புதிதாகப் பதிவு செய்யச் சொன்னது, செய்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: அடுத்த மாத அப்டேட் வந்தால் சாதாரணமாகவே ஏற்றலாமா?

டவுன்ஹால்ரோடு சர்வீஸ்

தாராளமாக. மற்றவர்கள் போனில் ஏற்றுவது போலவே ஏற்று. இனி ஓஇஎம் அன்லாக்கிங்கை ஆஃப் செய்துவிடலாம்.