உதவி: தமாலே ஒன்றரை மணி நேரம் வெந்தும் களி மாதிரியே இருக்கு

சோளக்கதிர்: அவசரம், ராத்திரி சாப்பாட்டுக்கு ஆள் வர்றாங்க. தமாலே, அதான் மக்காச்சோள மட்டையில மாவு சுத்தி வேகவைக்கிற மெக்சிகோ கொழுக்கட்டை, ஒன்றரை மணி நேரமா ஆவியில இருக்கு. பிரிச்சா மாவு மட்டையோட ஒட்டிக்கிட்டு வருது, உள்ளே களி. தண்ணி கூடிப்போச்சா?

மசாலாடப்பா: என்ன மாவு? சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த நிஸ்தமால் மாவுதானா? வெறும் மக்காச்சோள மாவு என்றால் எவ்வளவு நேரம் வைத்தாலும் சேர்ந்து பிடிக்காது. பாக்கெட்டில் சுண்ணாம்பு போட்டிருக்கிறதா பாருங்கள்.

நீராவி: பாத்திரம் என்ன? நிற்க வச்சீங்களா, படுக்க வச்சீங்களா?

பழையஅடுப்பு: மாசம் ஒருத்தர் இதே கேள்வியோடு வருகிறார், தேடிப் பார்க்கிற வழக்கம் மட்டும் யாருக்கும் இல்லை. பன்றிக்கொழுப்பு போட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான். 1 கிலோ மாசாவுக்கு, அதாவது அரைத்த அந்த ஈரமாவுக்கு, 350 கிராம். கொழுப்பை மட்டும் 10 நிமிடம் வெளுக்கும்வரை அடித்து, பிறகு மாசாவையும் சாறையும் மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும். ஒரு சிட்டிகை மாவு குளிர்ந்த தண்ணீரில் மிதக்காவிட்டால் அடுப்பையே பற்றவைக்கக் கூடாது.

இலைக்கட்டு: மிதக்கிறது மாவுல காற்று ஏறியிருக்கான்னு காட்டும். வேகுமா வேகாதாங்கிறதை அது சொல்லாது. எண்ணெய் ஊத்திப் பிசைஞ்ச மாவு காற்றைப் பிடிச்சு வைக்காது, மூழ்கும். தமாலே கனமா வரும், ஆனா வேகும்.

பழையஅடுப்பு: கனமான தமாலேயை யார் சாப்பிடுவது? அந்தக் குறையை மறைக்கத்தான் பேக்கிங் பவுடரைக் கொட்டுகிறீர்கள். தொமாட்டில்லோ (பச்சைத் தக்காளி மாதிரி ஒரு காய்) தோலோடு கொதிக்கவைத்த டெக்கெஸ்கீட்டே உப்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்.

இலைக்கட்டு: அதுவும் மாவை உப்ப வைக்கிற கார உப்புதானே ஐயா? கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டா என்ன குடி முழுகிப்போகுது?

சோளக்கதிர்: மாவு மோலினோவில, அதான் நிஸ்தமால் அரைச்சு விக்கிற மில்லுல, தமாலேக்குன்னு கேட்டு வாங்கினது, 1 கிலோ. நாங்க சைவம், வனஸ்பதி 300 கிராம் அடிச்சுப் போட்டேன், மிதந்துச்சு. உள்ளே போப்லானோ மிளகாயும் சீஸும். 6 லிட்டர் குக்கர், வெயிட் போடல. படுக்க வச்சு மூணு அடுக்கு. நடுவுல நாலஞ்சு தடவை திறந்து பார்த்தேன்.

நீராவி: மோலினோவா? அப்போ மெக்சிகோவிலா இருக்கீங்க? எந்த ஊர்?

சோளக்கதிர்: மெக்சிகோ சிட்டி. அதுக்கும் இதுக்கும் என்ன?

நீராவி: அதுதான் பாதி விஷயமே. அந்த ஊர் 2,240 மீட்டர் உயரம். தண்ணி 92–93 டிகிரியிலேயே கொதிச்சிடும், ஆவியிலயும் அவ்வளவு சூடுதான். கடலோர ஊருக்குச் சொன்ன நேரம் அங்கே பத்தாது. அதுக்கு மேல ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஆவி வெளியே போச்சு, அடி அடுக்கு நசுங்கி நடுவுக்கு ஆவி ஏறவும் வழி இல்லை. உங்க மாவுல கோளாறு இல்லை.

எல்லாத்தையும் எடுத்து, மடிச்ச பக்கம் கீழே, திறந்த வாய் மேலே வச்சு நிறுத்துங்க. சாயாத அளவுக்கு நெருக்கம் போதும், திணிக்காதீங்க. மிச்சத்தை இன்னொரு ஈடா வைங்க. தட்டுக்குக் கீழே கொதிக்கிற தண்ணிதான் ஊத்தணும், பச்சைத் தண்ணி ஊத்தினா ஆவி அடங்கிடும். அடியில ஒரு காசு போடுங்க, கடகடன்னு ஆடுற சத்தம் நின்னா தண்ணி தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். மேலே மீந்த மட்டையும் துணியும் போட்டு மூடுங்க, மூடியில சேர்ற தண்ணி சொட்டாது. 45 நிமிஷம் தொடாதீங்க. அப்புறம் ஒண்ணை மட்டும் எடுத்து 10 நிமிஷம் ஆறவிட்டுப் பிரிங்க. சுடச்சுடப் பிரிச்சா நல்லா வெந்ததும் ஒட்டத்தான் செய்யும்.

மசாலாடப்பா: குக்கர்தானே? வெயிட் போட்டால் உயரம் ஒரு பிரச்சினையே இல்லையே.

நீராவி: போடலாம். ஆனா துணியையும் மேல் மட்டையையும் முதல்ல எடுத்துடணும், ஆவித் துளை அடைச்சா ஆபத்து. பாதி வெந்ததுக்கு 15 நிமிஷம் போதும். அழுத்தம் தானா அடங்கணும். வெயிட்டைத் தூக்கி விட்டா உள்ளே இருக்கிற ஈரம் குபுக்குனு கொதிச்சு மாவு மட்டைக்கு வெளியே பிதுங்கிடும்.

பழையஅடுப்பு: ஊர்ப் பெயரை முதல் வரியில் போட்டிருந்தால் இத்தனை பதிவு வேண்டியிருக்காது. வனஸ்பதியில் மணம் வராது என்பதில் மாற்றமில்லை.

சோளக்கதிர்: ஒட்டல. நன்றி!

இலைக்கட்டு: வெயிட் போட்டீங்களா, போடாமலா? எத்தனை நிமிஷம் ஆச்சு?

மசாலாடப்பா: ஆள் போயாச்சு.