1919 மௌனப் படம் வேகமாக ஓடுகிறது: உதவி தேவை

மேரி பிக்ஃபோர்ட் நடித்த 'டாடி லாங் லெக்ஸ்' படத்தை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் திரையிடுகிறோம். ஜீன் வெப்ஸ்டரின் நாவலை எல்லோரும் படித்துவிட்டார்கள். என்னிடம் உள்ள எம்பி4 கோப்பு நொடிக்கு 24 பிரேமில் விரைகிறது. அனாதை இல்லப் பிள்ளைகள் உலர்ந்த பிளம்ஸ் வேண்டாம் என்று கலகம் செய்யும் இடத்தில் அது உறுத்தவில்லை. ஆனால் நாயகி ஜூடி கலங்கி நிற்கும் இடங்களிலும் துள்ளுகிறாள், பாவம். இடையில் வசனம் காட்டும் எழுத்து அட்டைகள் படிப்பதற்குள் மறைகின்றன.

விஎல்சி பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்கினேன், அதாவது நொடிக்கு 18 பிரேம். நடை சரியானது, பின்னணி பியானோ இழுக்கிறது. அப்புறம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 18 பிரேம் வைத்துப் பார்த்தேன். வேகம் குறையவில்லை, அசைவுதான் விட்டுவிட்டு வருகிறது. லேப்டாப் விண்டோஸ் 10.

இசையை அப்படியே விட்டு, பிரேம் எதுவும் விழாமல் படத்தை மட்டும் 18-க்கு இறக்க எந்த இலவச மென்பொருளில் என்ன செய்ய வேண்டும்?