சொந்தக் காரை நேரடியாக விற்கும்போது பணத்தை எப்படிப் பாதுகாப்பாகப் பெறுவது?

உட்லண்ட்ஸ்வாசி:

வணக்கம். சிங்கப்பூரில் 2019இல் பதிவான என் ஹோண்டா ஃபிட் காரை, முகவர் எவரையும் இடையில் வைக்காமல் நானே விற்க முடிவு செய்திருக்கிறேன். காரின் மீது கடன் பாக்கி இல்லை. சிஓஇ (காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) 2029 வரை இருக்கிறது. ஜூரோங்கிலிருந்து வந்த ஒருவர் காரை ஓட்டிப் பார்த்து, பரிசோதனை நிலையத்திலும் காட்டிவிட்டு, 46,000 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டார். பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பணம் தருவதற்கு அவர் சொன்ன ஏற்பாடுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு என் புளோக்குக்கு வருவாராம். 6,000 வெள்ளியைப் பேநவ் (கைப்பேசிவழி உடனடிப் பணப் பரிமாற்றம்) வழியாக அனுப்பிவிட்டு, மீதி 40,000 வெள்ளிக்கு அவருடைய அண்ணனின் காசோலையைத் தருவாராம். அங்கேயே இருவரும் சிங்பாஸில் (அரசாங்கச் சேவைகளுக்கான மின் அடையாளம்) நுழைந்து உரிமையை மாற்றிவிட்டால், சாவியை வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவாராம். முழுப் பணமும் வந்த பிறகே உரிமையை மாற்றுவேன் என்று நான் சொன்னதற்கு, "உங்களை நம்பி நான் 46,000 வெள்ளியை முதலில் தர வேண்டும், என்னை நம்பி நீங்கள் இரண்டு நாள் பொறுக்க மாட்டீர்களா?" என்று கேட்டார். அதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. முன்பின் அறியாத இருவர் இப்படியொரு பரிமாற்றத்தைச் செய்ய வேண்டியிருக்கும்போது, எந்த வரிசையில் செய்தால் எவருக்கும் நட்டமில்லாமல் முடியும்?

தெம்பனீஸ்_கணக்கர்:

வங்கிக் கிளையின் முகப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அவர் மோசடிக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காசோலை, மூன்றாம் நபரின் கணக்கு, வங்கி மூடியிருக்கும் நேரம் ஆகிய மூன்றும் ஒரே ஏற்பாட்டில் சேர்ந்து வந்தால், அதை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

காசோலையைப் பெட்டியில் போட்ட பிறகு, அந்தத் தொகை உங்கள் கணக்கில் கூடியிருப்பதுபோல் தெரியலாம். அது கணக்கில் எழுதப்பட்ட இருப்புதானே தவிர, நீங்கள் எடுக்கக்கூடிய இருப்பு அல்ல. வேலை நாளில் உரிய நேரத்துக்குள் போட்டால்கூட அது தீர்வாவதற்கு அடுத்த வேலை நாள் ஆகும். வெள்ளிக்கிழமை இரவு கையில் வாங்கும் காசோலைக்கான பணம் செவ்வாய்க்கு முன்னால் உறுதியாகாது. அதற்குள் கார் அவர் பெயரில் மூன்று நாள் ஓடியிருக்கும். காசோலை திரும்பி வந்தால், உரிமை மாற்றத்தை ரத்து செய்யும்படி நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் போய் நிற்க முடியாது. அது உங்கள் இருவருக்கும் இடைப்பட்ட வழக்காகிவிடும். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் எழுதிச் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும்தான் விசாரிக்கும். உங்களுடைய 40,000 வெள்ளி அந்த எல்லையைத் தாண்டியது. கேஷியர்ஸ் ஆர்டர் (வங்கியே எழுதித் தரும் காசோலை) தருகிறேன் என்று அவர் சொன்னாலும், அதை வழங்கிய வங்கியின் கிளைக்கே இருவரும் போய், உங்கள் கண்முன் எழுதி வாங்கினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் போலியாக அச்சிட்டதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது எங்களுக்கே கடினமாக இருந்திருக்கிறது.

அண்ணனின் கணக்கு என்பது இதைவிடப் பெரிய சிக்கல். வேறொருவரை ஏமாற்றிப் பெற்ற பணம் உங்கள் கணக்குக்கு வந்து சேர்ந்தால், காவல்துறை விசாரணை முடியும்வரை உங்கள் கணக்கு முடக்கப்படலாம். அண்ணன் உண்மையிலேயே உதவுகிறார் என்றால், அவர் தம்பியின் கணக்கில் பணத்தைப் போடட்டும், தம்பி தம் பெயரில் உங்களுக்கு அனுப்பட்டும். உரிமை யார் பெயருக்குப் போகிறதோ, பணமும் அவர் பெயரிலிருந்துதான் வர வேண்டும்.

எனக்குச் சரியென்று படும் வழி வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு உடனடியாக மாற்றுவதுதான். 2014இல் தொடங்கிய ஃபாஸ்ட் முறையிலும், அதன் மேல் 2017இல் வந்த பேநவ் முறையிலும் ஒரு பரிமாற்றத்துக்கு 200,000 வெள்ளி வரை அனுப்பலாம். பணம் சில நொடிகளில் வந்துவிடும். ஆனால் அவரவர் கணக்கின் அன்றாட வரம்பு அதைவிட மிகக் குறைவாக இருக்கும். வரம்பை உயர்த்த முன்கூட்டியே மனுச்செய்ய வேண்டும், அதற்குக் காத்திருப்பு நேரமும் இருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். 50,000 வெள்ளியோ அதற்கு மேலோ இருக்கும் கணக்கிலிருந்து, 24 மணி நேரத்துக்குள் பாதிக்கும் அதிகமான தொகை இணையவழி வெளியேறினால், அந்தப் பரிமாற்றத்தை 24 மணி நேரம் நிறுத்திவைக்கவோ மறுக்கவோ முக்கிய வங்கிகள் 2025 அக்டோபர் 15 முதல் ஏற்பாடு செய்திருக்கின்றன. எனவே "அனுப்பிவிட்டேன், வங்கிதான் பிடித்துவைத்திருக்கிறது" என்று வாங்குபவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் உங்கள் பதில் ஒன்றுதான்: பணம் கணக்கில் ஏறும்வரை சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பழைய_சக்கரம்:

மேலே சகோதரி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மூன்று கார்களை இப்படி விற்றவன் என்பதால், வரிசையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

வாங்குபவர் கேட்ட கேள்விக்கு விடை முன்பணத்தில் இருக்கிறது. 1,000 வெள்ளியை அவர் பெயரிலிருந்து வாங்கிக்கொண்டு, எந்தக் கார், என்ன விலை, எந்த நாளில் மீதி, எவர் பின்வாங்கினால் முன்பணம் என்னவாகும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதன் பிறகு அவர் தம் பெயரில் காப்புறுதி எடுக்கட்டும். அது இல்லாமல் உரிமை மாறாது. காப்புறுதிக்குப் பணம் கட்டியவர் பெரும்பாலும் விளையாட்டுக்கு வந்தவராக இருக்க மாட்டார் என்பது என் அனுபவம். குறித்த நாளில் ஒரே மேசையில் உட்காருங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் நீங்கள் விவரங்களை நிரப்பி, அனுப்பும் பொத்தானுக்கு முந்தைய பக்கம்வரை வந்து அவரிடம் காட்டுங்கள். அவர் பணம் அனுப்பட்டும். உங்கள் வங்கிச் செயலியில் நீங்களே நுழைந்து பார்த்த பின் பொத்தானை அழுத்துங்கள், அவர் தம் சிங்பாஸில் ஏற்றுக்கொள்ளட்டும். முழுத் தொகையும் வெறும் நம்பிக்கையில் நிற்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களில் நீங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பீர்கள்.

உங்கள் செயலியில் பாருங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் மைத்துனர் மகன் தன் மோட்டார்சைக்கிளை விற்றபோது, வாங்க வந்தவர் காட்டிய பேநவ் திரைப்பிடிப்பில் பெயர், தொகை, நேரம் எல்லாம் சரியாகவே இருந்தன. பணம் மட்டும் வரவேயில்லை. அதேபோல், வாங்குபவர் அனுப்பும் கியூஆர் குறியீட்டையோ இணைப்பையோ தொட்டு சிங்பாஸில் நுழையாதீர்கள், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஒப்புக்கொண்டதைவிடக் கூடுதலாக அனுப்பிவிட்டு "மிச்சத்தை இன்னொரு கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேளுங்கள்.

சாவி கொடுத்த நிமிடத்தையும் அந்தத் தாளிலேயே குறியுங்கள். பிறகு வரும் அபராதம் யாருடையது என்ற வாக்குவாதத்துக்கு அது உதவும்.

ஹவ்காங்_மீசை:

இவ்வளவு தலைவலி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ரொக்கமாக வாங்கிவிட்டால் வரம்பும் இல்லை, 24 மணி நேரக் காத்திருப்பும் இல்லையே?

தெம்பனீஸ்_கணக்கர்:

1,000 வெள்ளி நோட்டுகளை வெளியிடுவது 2021 தொடக்கத்திலேயே நின்றுவிட்டது, அண்ணே. 46,000 வெள்ளி என்றால் 50 வெள்ளி நோட்டுகளாக 920 வரும். அதைக் கார் நிறுத்துமிடத்தில் எண்ணி, ஒவ்வொன்றும் நல்ல நோட்டா என்று பார்த்து, பையில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். வங்கியில் போடும்போது பணத்தின் மூலத்தைக் கேட்பார்கள் என்பது வேறு. ரொக்கம்தான் என்று இருவரும் முடிவு செய்தால், விற்பவரின் வங்கிக் கிளையிலேயே முகப்பில் எண்ணிக் கட்டச் சொல்லுங்கள். அப்போது எனக்கு மறுப்பில்லை.

உட்லண்ட்ஸ்வாசி:

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு அவரை அழைத்து, அண்ணனின் பணம் முதலில் அவர் கணக்குக்கு வரட்டும் என்றும், காசோலை வேண்டாம் என்றும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மாறாக, தம் கணக்கின் வரம்பு 6,000 வெள்ளியாக இருந்ததால்தான் காசோலையை யோசித்ததாகச் சொன்னார். வரம்பை உயர்த்த மனுச்செய்துவிட்டார். 1,000 வெள்ளி முன்பணம் இன்று காலை அவர் பெயரிலேயே வந்துவிட்டது. மீதி 45,000 வெள்ளியையும் உரிமை மாற்றத்தையும் வரும் செவ்வாய் காலை பதினொரு மணிக்கு, என் வங்கிக் கிளைக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் வைத்துக்கொள்வதாகப் பேசியிருக்கிறோம். 24 மணி நேர நிறுத்தம் ஏற்பட்டால் கார் என் வீட்டுக்கே திரும்பும், மறுநாள் அதே மேசையில் உட்காருவோம் என்பதையும் தாளில் எழுதிவிட்டேன்.